ரெப்பினின் குர்ஸ்க் ஊர்வலம்: பக்தியா, கேலியா?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய ஓவியர் இல்யா ரெப்பினின் ‘குர்ஸ்க் மாகாணத்தில் சமய ஊர்வலம்’ ஓவியத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். இந்தப் படம் கிராமத்துச் சனங்களின் பக்தியைக் கேலி செய்கிறதா, மதிக்கிறதா? அப்புறம், யதார்த்த ஓவியம் என்கிறார்களே, அப்படியானால் ரெப்பின் ஒரு நாள் பாதையோரம் நின்று கண்ணில் பட்டதை அப்படியே வரைந்துவிட்டாரா?

இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று உடனே சொல்லிவிடலாம். முதல் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் படத்துக்குள் கொஞ்ச தூரம் நடந்துதான் போக வேண்டும். படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். பெரிதாக்கினாலும் கலங்காத பிரதியாக இருந்தால் நல்லது. அசல் 175 சென்டிமீட்டர் உயரம், 280 சென்டிமீட்டர் அகலம். கைப்பேசித் திரையில் பார்த்தால் அது பழுப்பு நிறத்தில் ஒரு கும்பல், அவ்வளவுதான்.

முதலில் ஊர்வலம் எதற்கு என்று பார்த்துவிடுவோம். குர்ஸ்க், மாஸ்கோவுக்குத் தெற்கே கரிசல் மண் பூமி. அந்த நகரத்தின் மடாலயத்தில் தேவமாதாவின் திருவுருவப் படம் ஒன்று இருந்தது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மரபில் ஐகான் என்பார்களே, மரப்பலகையில் தீட்டிய புனிதப் படம், அது. 1295-ல் துஸ்கார் ஆற்றங்கரைக் காட்டில் வேட்டைக்குப் போன ஒருவர் இதை ஒரு மரத்தின் வேரடியில் முகம் கவிழ்ந்து கிடக்கக் கண்டார், எடுத்த இடத்தில் ஊற்று பொங்கியது என்பது ஐதீகம். வேருக்கு ரஷ்ய மொழியில் ‘கோரென்’. அதனால் இந்தத் திருவுருவத்துக்குக் ‘கோரென்னயா’ என்று பெயர். கிடைத்த இடத்தில் எழுந்த மடாலயத்துக்கும் அதே பெயர்தான். ஈஸ்டர் முடிந்து ஒன்பதாவது வெள்ளிக்கிழமை, குர்ஸ்கிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த இடத்துக்குத் திருவுருவத்தைச் சனங்கள் நடந்தே எடுத்துப் போவார்கள். செப்டம்பரில் திரும்பக் கொண்டுவருவார்கள். இந்த வழக்கம் 1618-ல் தொடங்கியது. ரஷ்ய மொழியில் இப்படிப்பட்ட ஊர்வலத்தைச் ‘சிலுவை நடை’ என்பார்கள். ஓவியத்தின் அசல் தலைப்பிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது.

ஒன்பதாவது வெள்ளி என்றால் கோடைகாலம். படத்தில் முதலில் நம்மைத் தொடுவதும் அந்த வெயில்தான். வானம் வெளுத்த நீலம். பாதை முழுக்கப் புழுதி. கூட்டத்தின் பின்பகுதி மனித முகங்களாகவே தெரியாமல் மஞ்சள் கலந்த சாம்பல் மூட்டமாகக் கரைகிறது. ஆயிரம் முகங்களை வரையாமலே ஆயிரம் பேர் வருகிற உணர்வை ரெப்பின் கொடுப்பது இந்தப் புழுதியை வைத்துத்தான். முன்வரிசைக்காரர்களின் தாடி மயிர்வரை தெரிகிறது; பத்தடி பின்னால் முகங்கள் வெறும் தீற்றல்; அதற்கும் பின்னால் தூசி. புகைப்படத்தில் அவ்வளவு பேரும் ஒரே மாதிரி பதிந்திருப்பார்கள். கூட்டத்துக்கு நடுவில் நிற்கிற மனிதக் கண்ணுக்கு இப்படித்தான் தெரியும்.

சரி, வரிசையாகப் பார்ப்போம். கூட்டம் பின்னாலிருந்து சாய்வாக நம்மை நோக்கி வருகிறது. முன்னால் வருவது ஒரு பெரிய விளக்குக் கூடு. ரிப்பன்கள் தொங்க, உள்ளே மெழுகுவத்தியோடு, விவசாயிகள் சிலர் தோளில் சுமந்து வருகிறார்கள். இந்த ஊர்வலங்களில் விளக்கு முதலில் போவதுதான் முறை. தாடியைச் சீவி, இருப்பதில் நல்ல அங்கியைப் போட்டுக்கொண்டு, பாரத்தைச் சமமாகப் பகிர்ந்து, அவசரமில்லாமல் நடக்கிறார்கள். இவர்களில் யாரையும் ரெப்பின் சிறுமைப்படுத்தவில்லை. முகங்களில் பரவசமும் இல்லை, வேஷமும் இல்லை. வேலை செய்து பழகியவர்கள் இன்னொரு வேலையை ஒழுங்காகச் செய்கிற முகங்கள்.

அவர்களுக்குப் பின்னால் இரண்டு பெண்கள். இருவரும் ஒரு பேழையைச் சுமந்து வருகிறார்கள். அதன்மேல் குனிந்து, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்பதுபோல அணைத்துக்கொண்டு, பயபக்தியோடு வருகிறார்கள். பேழைக்குள் ஒன்றும் இல்லை. அது திருவுருவம் வைக்கிற பெட்டி. திருவுருவம் இன்னும் பின்னால் வேறொருவர் கையில் வருகிறது. காலிப் பெட்டிக்கு இத்தனை பயபக்தி! கேலி என்று இந்தப் படத்தில் தேடினால் எனக்குக் கிடைக்கிற முதல் இடம் இதுதான். அதுவும் பெருஞ்சிரிப்பு அல்ல, உதட்டோரச் சிரிப்பு.

இன்னும் பின்னால் போனால் பாடகர் குழு, அவர்களை நடத்துகிறவர். அப்புறம் பொன்னிறப் பூசை ஆடையில் செம்பட்டை முடி தியாக்கோன், அதாவது வழிபாட்டில் பாதிரியாருக்கு உதவுகிற திருத்தொண்டர். ஒரு கையில் தூபக்கலசம் ஆடுகிறது, இன்னொரு கை தன் அடர்ந்த முடியை ஒதுக்கிவிடுகிறது. ஒரு கை கடவுளுக்கு, மறு கை கண்ணாடிக்கு. அவரைக் கெட்டவராகக் காட்டவில்லை. வெயிலில் முடி கண்ணில் விழுந்தால் நாமும் ஒதுக்கத்தான் செய்வோம். ஆனால் அந்தக் கைவிரல்களில் இருக்கிற அலங்காரம் அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அவருக்குப் பின்னால்தான் படத்தின் மையம். பருத்த உடம்பு, மஞ்சள் பட்டுடை, ரிப்பன் தொப்பி, கையில் அந்தத் திருவுருவம். ஊரின் பணக்காரப் பெண்மணி. மாலையில் விருந்து வைத்து ஊருக்கே தெரியப்படுத்தப்போகிறவர் மாதிரி நடந்து வருகிறார். அவரைச் சுற்றி ஊர்ப் பெரியவர்கள்: தடித்த ஒப்பந்தக்காரர், ஓய்வுபெற்ற ராணுவக்காரர், பாதிரியார். மொத்த ஊர்வலமும் எதற்காகப் புறப்பட்டதோ அந்தத் திருவுருவத்தில் நமக்குத் தெரிவது ஒரு தங்க மினுக்கம்தான். அதைப் பிடித்திருப்பவரின் முகம் தெரிகிறது, உடை தெரிகிறது, தோரணை தெரிகிறது. இத்தனை பெரிய படத்தில் தேவமாதாவின் முகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இந்த நடுக்கூட்டத்தைச் சுற்றி ஒரு வேலி ஓடுகிறது. மரவேலி இல்லை, குதிரைகளும் தடிகளும் சேர்ந்த வேலி. குதிரையில் வருகிறவர்கள் கிராமக் காவலர்கள். ‘உர்யாத்னிக்’ என்று பெயர். அந்தப் பதவியே 1878-ல்தான் உருவானது. ஆக, ரெப்பின் தூரிகையைத் தொட்டபோது அது புத்தம்புது அதிகாரம். அவர்களில் ஒருவன் கூட்டத்துக்கு மேலே சவுக்கை ஓங்கியிருக்கிறான். யார்மேல் விழப்போகிறது என்று நமக்குத் தெரியாது, புழுதி மறைத்துவிடுகிறது. ஊர்வலமோ அதைக் கவனிக்காமல் பாட்டோடு போய்க்கொண்டிருக்கிறது.

நடந்து வருகிற தடிக்காரர்கள் வேறு ரகம். ‘சோத்ஸ்கி’ என்று அழைக்கப்பட்ட இவர்கள் விவசாயிகள்தான். கிராமத்தார் தங்களுக்குள்ளேயே ஆள் தேர்ந்தெடுத்துக் காவல் வேலைக்கு அனுப்புவார்கள். ஆகவே தடியைப் பிடித்திருப்பவனும் தடிக்கு வெளியே நிற்பவனும் ஒரே சாதிசனம், பெரும்பாலும் ஒரே வறுமை. ரஷ்ய ஓவியத்தில் அதிகாரத்தை இவ்வளவு கச்சிதமாகக் காட்டிய இடங்கள் குறைவு.

இப்போது படத்தின் இடது முன்பக்கத்துக்கு வாருங்கள். அங்கே பிச்சைக்காரர்கள், மூட்டை தூக்கிய ஏழை யாத்ரீகர்கள். எல்லோருக்கும் முன்னால் கூன் விழுந்த ஒரு இளைஞன். கக்கத்தில் ஊன்றுகோல். உடம்பு முழுக்க முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஊன்றுகோல் ஒரு கோணத்தில், கால் ஒரு கோணத்தில், அடுத்த அடி விழப்போகிற வேகம். அவன் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் உள்ள நூற்றுக்கணக்கானவர்களில் எங்கே போகிறோம் என்பது தெளிவாகத் தெரிந்த முகம் அது ஒன்றுதான் என்பேன். கெஞ்சலும் இல்லை, அழுகையும் இல்லை. போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அவனுக்குக் குறுக்கே தடிக்காரன் ஒருவனின் கழி நீள்கிறது.

ஊன்றுகோல் ஒரு கழி, தடுப்பதும் ஒரு கழி. ஒன்று அவனை முன்னே தள்ளுகிறது, மற்றது பின்னே தள்ளுகிறது. இரண்டையும் ரெப்பின் அருகருகே வைத்திருக்கிறார்.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. இந்தப் படம் யாருக்கு எவ்வளவு பக்தி என்று அளக்கவில்லை. யார் திருவுருவத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று அளக்கிறது. கையில் வைத்திருப்பவருக்கு அது ஒரு கௌரவம். பக்கத்தில் நடக்கிறவர்களுக்கு அது ஒரு இடம், ஊரார் முன்னால் நிற்பதற்கான இடம். விளக்கைச் சுமப்பவர்களுக்கு ஒரு பொறுப்பு. அதை உயிருக்குத் தேவையானதாக நினைக்கிறவன் படத்தின் ஓரத்தில் நிற்கிறான், நடுவில் ஒரு தடி. பக்தியைக் கேலி செய்ய நினைத்த ஓவியர் இந்த இளைஞனுக்கு இப்படியொரு முகத்தைக் கொடுத்திருக்க மாட்டார். பக்தியைப் போற்ற மட்டும் நினைத்தவர் அந்தச் சவுக்கை வரைந்திருக்க மாட்டார்.

கேலி என்றால் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமா? வசீலி பெரோவ் 1861-ல் வரைந்த கிராமத்து ஈஸ்டர் ஊர்வலத்தைப் பாருங்கள். மப்பும் மந்தாரமுமான வானம், சேறு, குடிபோதையில் தள்ளாடி வாசற்படி இறங்குகிற பாதிரியார், திருவுருவத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் கந்தல் உடைக் கிழவர். அது சாட்டையடி. அதிகாரிகள் அதைப் பொதுப் பார்வைக்கு வைக்கவிடவில்லை. மறுபக்கம், கான்ஸ்தந்தின் சவித்ஸ்கியின் 1878-ஆம் ஆண்டு ஓவியம், ‘திருவுருவத்தை எதிர்கொள்ளல்’. பாதையில் வந்து நின்ற திருவுருவத்தின் முன் கிராமத்துச் சனம் மண்டியிடுகிறது. அங்கே ஓவியரின் பரிவு முழுக்க அவர்கள் பக்கம். ரெப்பின் இந்த இரண்டையும் தாண்டிப் போனார். பெரோவின் படத்தில் குற்றவாளி யார் என்று உடனே கை காட்டிவிடலாம். ரெப்பினின் படத்தில் அப்படி ஒருவரைக் காட்டுவது கடினம். சவுக்குக்காரன்? அவன் வேலையே அது. தடிக்காரன்? அவனும் விவசாயி. மஞ்சள் பட்டுப் பெண்மணி? அவர் யாரையும் அடிக்கவில்லை, தடுப்பதைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு வசதியாக ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

படத்தின் பின்னணியில் இருக்கும் மேட்டையும் விட்டுவிடாதீர்கள். முதல் பார்வையில் வெறும் பொட்டல் மாதிரி இருக்கும். பெரிதாக்கினால் வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். 1861-ல் பண்ணையடிமை முறை ஒழிந்தபின் பல நிலப்பிரபுக்கள் கைக்காசுக்காகக் காடுகளை விற்றார்கள். மாஸ்கோ–குர்ஸ்க் ரயில் பாதை 1868-ல் ஓடத் தொடங்கியிருந்தது. தண்டவாளக் கட்டைகளுக்கும் விறகுக்கும் மரம் தேவைப்பட்ட காலம். விடுதலை பெற்ற விவசாயிகளோ தங்களுக்குக் கிடைத்த நிலத்துக்கு 49 ஆண்டுத் தவணையில் மீட்புப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பொருளாதாரம் முழுவதையும் ரெப்பின் ஒரு மொட்டை மேட்டில் வைத்துவிட்டார். மரத்தின் வேரடியில் கிடைத்த திருவுருவம், மரமே இல்லாத மேட்டோரம் ஊர்வலம் போகிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இந்த மேடு ரெப்பினுக்கு முதலிலேயே கிடைத்ததல்ல. பாரிசிலிருந்து திரும்பி 1876-ல் அவர் பிறந்த ஊரான சுகுயெவுக்குப் போனார். இன்று உக்ரைனில் கார்கிவ் பக்கம் இருக்கும் ஊர். அங்கிருந்த காலத்தில், 1877 வாக்கில், முதலில் தொடங்கியது வேறொரு ஊர்வலப் படம்: கருவாலிக் காட்டுக்குள் ஒளியும் நிழலும் விழ, திருவுருவம் வருகிற காட்சி. அது அழகான படம். பிரச்சினையும் அதுவே என்று நினைக்கிறேன். காட்டின் பச்சை நிழலில் மனிதர்கள் எல்லோரும் ஒரே மாதிரி புனிதமாகத் தெரிய ஆரம்பித்துவிடுவார்கள். அதை அப்படியே வைத்துவிட்டு, நிழலே இல்லாத வெட்ட வெளியில் புதிதாகத் தொடங்கினார். 1880-லிருந்து 1883 வரை அதில் வேலை செய்தார். 1881-ல் குர்ஸ்க் பக்கம் நேரில் போய் ஊர்வலத்தையும் மனிதர்களையும் குறித்துக்கொண்டார். நிழலை எடுத்துவிட்டால் ஒளிந்துகொள்ள இடமில்லை. பட்டும் கந்தலும் ஒரே வெயிலில் நிற்க வேண்டும்.

கூன் விழுந்த இளைஞனும் குர்ஸ்க்காரன் அல்ல. அவனுக்கு மாதிரியாக இருந்தவர் மாஸ்கோவுக்கு வடக்கே அப்ராம்த்செவோ சுற்றுவட்டாரத்தில் கிடைத்தவர். அங்கே சவ்வா மாமந்தவ் என்ற தொழிலதிபரின் பண்ணை வீட்டில் ரெப்பின் குடும்பம் கோடைகளைக் கழித்தது. அந்த வட்டாரத்தில் பார்த்த ஒரு மனிதரைத் தனியாக உட்கார வைத்துப் பயிற்சிப் படங்கள் வரைந்து, அவரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோய்க் குர்ஸ்க் புழுதியில் இறக்கினார். ஆக, கண்டதை வரைந்தாரா என்றால், ஒவ்வொன்றையும் எங்கேயோ கண்டிருக்கிறார். ஆனால் எல்லாம் ஒரே நாளில், ஒரே பாதையில், ஒரே தடியைச் சுற்றி நடந்தது அவருடைய ஓவியத் தாங்கியில்தான். யதார்த்தவாதிகள் ‘உள்ளதை உள்ளபடி’ காட்டினார்கள் என்று சொல்லிச் சொல்லி, அவர்கள் எவ்வளவு பொறுக்கி எடுத்தார்கள், எவ்வளவு தூக்கிப் போட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

தூக்கிப் போடச் சொல்லி அவருக்கு யோசனையும் வந்தது. படத்தை வாங்கவிருந்த பாவெல் திரெத்யாகோவ் மாஸ்கோ வணிகர், ஜவுளித் தொழில்காரர், பக்தி உள்ளவர். பின்னாளில் தன் ஓவியத் தொகுப்பு முழுவதையும் மாஸ்கோ நகரத்துக்கே எழுதி வைத்தவர். 1883-ன் தொடக்கத்தில் அவர் ரெப்பினுக்குக் கடிதம் எழுதினார். திருவுருவப் பேழையைத் தூக்கி வரும் அந்தப் பெண் வேண்டாம், அவள் இடத்தில் அழகான இளம்பெண் ஒருத்தி விசுவாசத்தோடு, பரவசத்தோடுகூட, சுமந்து வரட்டும். கேலிச்சித்திரம் போலத் தோன்றுவதையெல்லாம் தவிர்த்துவிடுங்கள், எல்லா உருவங்களிலும் விசுவாசம் ஊடுருவட்டும் என்பது அவர் யோசனையின் சாரம். ஓவியம் வாங்குகிறவர் சொன்னால் எத்தனை ஓவியர்கள் தூரிகையை எடுத்திருப்பார்கள்! ரெப்பின் மறுத்துவிட்டார். படம் முழுவதற்கும் உயிருள்ள ஒரு உண்மை வேண்டும், அதற்காகத் தனித்தனி விவரங்களைத்தான் விட்டுக்கொடுக்கலாம், உண்மையை அல்ல என்ற பொருளில் அவர் பதில் இருந்தது.

என் பார்வையில் ரெப்பின் செய்தது சரி. காலிப் பெட்டியின் இடத்தில் பரவசமான அழகியை வைத்திருந்தால் நம் கண் அங்கேயே நின்றுவிடும், ஓரத்தில் நிற்கும் ஊன்றுகோல்காரனிடம் போகாது. விசுவாசத்துக்கு முகம் கொடுக்க வேண்டும் என்று திரெத்யாகோவ் கேட்டது நியாயமே. அந்த முகம் படத்தில் ஏற்கனவே இருந்தது. அவர் எதிர்பார்த்த இடத்தில் இல்லை, அவர் எதிர்பார்த்த அழகில் இல்லை. இவ்வளவு வாதம் நடந்தும் திரெத்யாகோவ் படத்தை 10,000 ரூபிளுக்கு வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்து வருடம் முன்பு ரெப்பினின் ‘வோல்கா நதியில் படகிழுப்பவர்கள்’ அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு 3,000 ரூபிளுக்குப் போயிருந்தது. ஒப்புக்கொள்ளாத படத்துக்கும் பெரிய விலை கொடுத்த வணிகர் அவர்.

ரெப்பினை நாத்திகப் பிரசாரகர் என்று ஒதுக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் கையில் முதலில் ஏறிய தொழிலே திருவுருவம் தீட்டுவதுதான். 1844-ல் சுகுயெவில் ராணுவக் குடியேற்றக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். உள்ளூர்த் திருவுருவ ஓவியர் இவான் புனாகோவிடம் வேலை கற்றுக்கொண்டார். பதின்ம வயதில் ஊர் ஊராகப் போய்த் தேவாலயங்களுக்குப் படம் எழுதிச் சம்பாதித்தார். அந்தக் காசோடுதான் 1863-ன் இறுதியில் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கிளம்பினார். பிற்பாடு, இந்த ஊர்வலப் படத்தை வரைந்துகொண்டிருந்த அதே வருடங்களில், அப்ராம்த்செவோவில் நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்னத் தேவாலயம் கட்டினார்கள். அதற்குக் கிறிஸ்துவின் திருமுகத்தைத் தீட்டிக் கொடுத்தவர் ரெப்பின். ஒரு ஓவியத் தாங்கியில் சவுக்கும் தடியும், இன்னொரு பலகையில் கிறிஸ்துவின் முகம். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்காது. திருவுருவம் எப்படிச் செய்யப்படுகிறது, எந்தப் பலகை, எந்தப் பூச்சு, யார் கைக்கு முதலில் போகும் என்று உள்ளிருந்து தெரிந்தவர் அவர். சுற்றி நடக்கிற சடங்கு வியாபாரமும் தெரியும். தியாக்கோன்களும் புதிதல்ல: 1877-ல் அவர் வரைந்த தலைமைத் தியாக்கோன் ஓவியத்தைப் பாருங்கள். சுகுயெவ்க்காரர், வயிற்றின்மேல் கைவைத்துச் சிங்கம்போல நிற்பார். ஊர்வலத்தின் செம்பட்டைத் தியாக்கோன் அவருக்குத் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

படம் 1883-ல், பெரெத்விழ்னிகி குழுவின் 11-ஆவது கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. பெரெத்விழ்னிகி என்றால் ஊர் ஊராகக் கண்காட்சியைக் கொண்டுபோன ஓவியர் சங்கம், 1870-ல் தொடங்கியது. விமர்சகர் ஸ்தாசவ் கொண்டாடினார். பழமைவாதப் பக்கத்தில் ரஷ்ய வாழ்க்கையை அவதூறு செய்கிறது என்று கொதித்தார்கள். காலத்தையும் நினைவில் வையுங்கள். 1881 மார்ச்சில் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் குண்டுவீச்சில் கொல்லப்பட்டிருந்தார். மூன்றாம் அலெக்சாந்தரின் ஆட்சி திருச்சபையையும் காவல்துறையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. திருச்சபையும் காவல்துறையும் ஒரே பாதையில் தோளோடு தோள் நடக்கிற படம் அந்த நேரத்தில் யாருக்கு உறுத்தும் என்று விளக்கத் தேவையில்லை. பிறகு சோவியத் காலத்தில் அதையே தலைகீழாகப் பிடித்தார்கள்: பழைய ஆட்சியையும் மதத்தையும் தோலுரிக்கும் படம் என்று பாடம் நடத்தினார்கள். சவுக்கை நன்றாகப் பார்த்தார்கள். ஊன்றுகோல்காரனின் முகத்தில் இருந்த விசுவாசத்தை வர்க்கத் துயரம் என்று மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோனார்கள். இரு தரப்பும் படத்தில் பாதியைப் பார்த்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

அந்த நிஜத் திருவுருவத்தின் கதை தனி. 1898 மார்ச்சில் புரட்சிக்கார இளைஞர்கள் குர்ஸ்க் தேவாலயத்தில் அதனடியில் குண்டு வைத்தார்கள். சுற்றியிருந்தது சிதைந்தது, திருவுருவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சனங்களுக்கு அதன்மேல் இருந்த நம்பிக்கை இன்னும் கூடியது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறி, பல ஊர் சுற்றி, கடைசியில் நியூயார்க்கில் புலம்பெயர்ந்த ரஷ்யத் திருச்சபையிடம் போய்ச் சேர்ந்தது. 2009-ல்தான் முதன்முறையாக விருந்தாளியாகக் குர்ஸ்குக்கு வந்துபோனது. சோவியத் காலத்தில் தடைபட்ட ஊர்வலமும் பிற்பாடு மறுபடி தொடங்கியது.

ஓவியம் மாஸ்கோவில், திரெத்யாகோவ் காட்சியகத்தில் இருக்கிறது. இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்பினால் இரண்டு படங்களைத் தேடிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நான் சொன்ன கருவாலிக் காட்டு ஊர்வலம். ரெப்பின் அதைக் கைவிட்டதாக நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இடையிடையே எடுத்துத் திருத்தி, 1924 வரை, எண்பது வயதுவரை, அதை விடவேயில்லை. இப்போது செக் குடியரசின் ஹ்ராதெட்ஸ் க்ராலொவே நகரில் இருக்கிறது. இன்னொன்று, கூன் விழுந்த இளைஞனுக்கான பயிற்சிப் படம், அதே திரெத்யாகோவ் காட்சியகத்தில். அதில் கூட்டம் இல்லை, குதிரை இல்லை, தடியும் இல்லை. ஊன்றுகோலும் அந்த முகமும் மட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பெரிய படத்துக்குத் திரும்பினால், முதலில் கண்ணுக்குத் தப்பிய அந்தக் குறுக்குக் கழி இனிமேல் தப்பாது.